தங்கச்சி ஸ்பானிஷ் படிக்கணும்கிறா... ஃபீஸ் கட்டலாமா?



போன வாரம் ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம் தேவதானம். அப்பா மில் தொழிலாளி. இவர் சென்னையில வேலை பார்க்கிறார், பிடித்தம் எல்லாம் போக கையில 46,000 ரூபாய் வருது. தங்கச்சி ப்ளஸ் டூ முடிக்கப் போறாங்க. வீட்ல எல்லாரும் பி.காம்னு நினைச்சுக்கிட்டு இருக்க, அந்தப் பொண்ணு மட்டும் ஹைதராபாத் போய் பி.ஏ. ஸ்பானிஷ் படிக்கப் போறேன்னு நிக்கிறாங்க. ஃபீஸ் கட்டப் போறது அண்ணன்தான். "இதுக்கு ஸ்கோப் இருக்கா, இல்ல பணம் வேஸ்ட்டா?" இதுதான் அவரோட கேள்வி.

இது ஒருத்தரோட கேள்வி மட்டும் இல்லை. நம்மில் நிறைய பேருக்கு சேலரி ஸ்லிப்பில் வராத ஒரு பிடித்தம் இருக்கு: தம்பி, தங்கச்சி படிப்பு. அதனால நேரா பதிலைச் சொல்லிடறேன்.

கட்டலாம். ஆனா எந்த காலேஜ்ல, என்ன விலைக்குங்கிறதைப் பொறுத்து அதே பதில் "கட்டவே கட்டாதீங்க"ன்னும் மாறும். ஒரு படிப்போட ரிஸ்க் அதோட பேர்ல இல்லை. அதுக்கு நீங்க கொடுக்கிற விலையில்தான் இருக்கு.

முதல்ல விலை, அப்புறம் ஸ்கோப்

நம்ம ஊர்ல கோர்ஸ் பேரைக் கேட்டதுமே தீர்ப்பு சொல்லிடுவோம். இன்ஜினீயரிங்னா சேஃப், மொழிப் படிப்புன்னா வேஸ்ட். ஒரு ஆடிட்டரா எனக்கு இந்த வரிசையே தலைகீழாத் தெரியுது.

ஒரு கணக்கு பார்ப்போம். 10 லட்சம் கல்விக்கடன், 10% வட்டி, 10 வருஷம். இஎம்ஐ சுமார் 13,215 ரூபாய். மொத்தமா கட்டுறது கிட்டத்தட்ட 15.86 லட்சம். முதல் வேலையில 20,000 சம்பளம்னா, அதுல பாதிக்கு மேல இஎம்ஐக்கே போயிடும். சர்டிஃபிகேட்ல என்ன பேர் இருந்தாலும் இது ரிஸ்க்தான்.

இப்போ இன்னொரு பக்கம். ஹைதராபாத்தில் இருக்கிற ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், சுருக்கமா இஃப்ளூ. 1958-ல ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்ச மத்திய நிறுவனம், 2007-ல மத்தியப் பல்கலைக்கழகம் ஆச்சு. அங்கே ஸ்பானிஷ்ல பி.ஏ. இருக்கு. டெல்லி ஜேஎன்யூவில் ஸ்பானிஷ், போர்ச்சுகீசியம், இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்குன்னே தனி மையம் இருக்கு, பி.ஏ. ஆனர்ஸும் எம்.ஏ.வும் அங்கேயே படிக்கலாம். டெல்லி பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் உண்டு. எல்லாமே மத்தியப் பல்கலைக்கழகங்கள். ஜேஎன்யூவில் பி.ஏ. ட்யூஷன் ஃபீஸ் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ட்யூஷன் சென்டருக்கு மாசாமாசம் கட்டுறதே அதைவிட அதிகமா இருக்கும்.

அப்போ உண்மையான செலவு எது? தங்குறது, சாப்பாடு, ரயில். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராஜபாளையத்துல இருந்து சென்னை வந்து, அங்கிருந்து இன்னொரு ரயில் பிடிக்கணும். ஹாஸ்டல், மெஸ், போக்குவரத்து, புத்தகம், போன் எல்லாம் சேர்த்து மாசம் 9,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது நான் எடுத்துக்கிட்ட தோராயக் கணக்கு. ஹாஸ்டல் கிடைக்கலைன்னா கூடும். மூணு வருஷத்துக்கு 3.24 லட்சம். 46,000 சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கஷ்டம்தான், ஆனா கடன் இல்லாம முடியும். மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணு கையில ஒரு டிகிரி, ஒரு மொழி, பூஜ்யம் கடன். அதுக்கப்புறம் எம்.பி.ஏ.வோ, பி.எட்.டோ, வங்கித் தேர்வோ, எந்தக் கதவும் மூடலை.

அதே பி.ஏ. ஸ்பானிஷை ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு ரெண்டு, மூணு லட்சம்னு கட்டி, அதுவும் கடன் வாங்கிப் படிக்கணும்னா என் பதில் "வேண்டாம்". பாடம் ஒண்ணுதான், விலை வேற.

ஒரு முக்கியமான விஷயம். ஜேஎன்யூ 2022-ல இருந்து இளநிலைச் சேர்க்கைக்கு சியுஇடி தேர்வு மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்குது. இந்தத் தேர்வுக்கான விண்ணப்பம் ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சிடும். "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்"னு இருந்தா அந்த வருஷம் போச்சு. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க பலர் இந்த இடங்களைத் தவறவிடுறது மார்க் இல்லாம இல்லை, தேதி தெரியாமத்தான். டிசம்பர் மாசத்துல இருந்தே ஒவ்வொரு பல்கலைக்கழக வெப்சைட்டையும் பாருங்க.

சரி, வேலை எங்கே?

ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினான்னு பட்டியல் போகும். சுமார் 50 கோடி பேருக்குத் தாய்மொழி. இந்த எண்ணிக்கை தன்னால வேலை கொடுக்காது. அந்த நாடுகளோட நமக்கு என்ன வியாபாரம்னு பார்க்கணும்.

நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. சென்னையைத் தலைமையிடமா வெச்சிருக்கிற ராயல் என்ஃபீல்டு 2020-ல அர்ஜென்டினாவிலும், 2021-ல கொலம்பியாவிலும் பைக் அசெம்பிளி ஆரம்பிச்சது. ஓசூர் டிவிஎஸ் பைக் லத்தீன் அமெரிக்காவில் ஓடுது. டிசிஎஸ் 2002-லேயே உருகுவே நாட்டு மான்டிவிடியோவில் மையம் போட்டுச்சு. ஸாரா பிராண்டை வெச்சிருக்கிற இண்டிடெக்ஸ் ஸ்பெயின் கம்பெனி. திருப்பூர்க்காரங்ககிட்ட கேளுங்க, அந்தப் பேர் எவ்வளவு பெருசுன்னு தெரியும். ராஜபாளையம் நூலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் கடல் தாண்டிப் போற சரக்குதானே? வாங்குற ஆள் எந்த மொழியில பேசினாலும், அதே மொழியில பதில் சொல்ற ஆளுக்கு மரியாதை தனி.

வேலை அதிகமா இருக்கிற இடம் இன்னொண்ணு. பெங்களூரு, ஹைதராபாத், குருகிராம், சென்னையில் இருக்கிற பன்னாட்டு கம்பெனிகளின் பேக் ஆஃபீஸ். மெக்சிகோ பிரிவுக்கான இன்வாய்ஸ், ஸ்பெயின் ஊழியர்களுக்கான பேரோல், கொலம்பியா வாடிக்கையாளர் சேவை. ஏதாவது ஒரு ஜாப் போர்ட்டலைத் திறந்து "ஸ்பானிஷ்", "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" ரெண்டையும் சேர்த்துத் தேடிப் பாருங்க. என்ன தகுதி கேட்கிறாங்க, எந்த ஊர், எத்தனை வருஷ அனுபவம்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. சொந்தக்காரங்க சொல்ற ஸ்கோப்பைவிட அந்தப் பேப்பர் நம்பகமானது.

இதோட மறுபக்கத்தையும் சொல்லணும். தேவதானத்துலயோ ஸ்ரீவில்லிபுத்தூர்லயோ ஸ்பானிஷ் வேலை கிடையாது. படிச்சு முடிச்சா ஊரை விட்டு வெளியேதான் இருக்கணும். பேராசிரியர் ஆகணும்னா எம்.ஏ., நெட், பிஎச்.டி.ன்னு நீண்ட பாதை. ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிகளும் குறைவு. இதை வீட்ல முன்கூட்டியே பேசிடுங்க. படிச்ச பிறகு "உள்ளூர்லயே ஒரு வேலை பாரு"ன்னு சொன்னா அது அந்தப் பொண்ணுக்குச் செய்யற அநியாயம்.

ஏஐ தான் மொழிபெயர்க்குதே?

நியாயமான கேள்வி. வெறும் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இந்தப் படிப்பை எடுக்காதீங்கன்னுதான் நானும் சொல்வேன். ஆனா பல்கலைக்கழகத்துல மொழியோட அந்த நாட்டுப் பண்பாட்டையும் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறாங்களே, அதை டான்ஸ், திருவிழான்னு நினைச்சுடாதீங்க. என் தொழில்ல இருந்தே மூணு உதாரணம் சொல்றேன்.

ஒண்ணு, பேர். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் தெரியும்தானே, நோபல் பரிசு வாங்கின எழுத்தாளர். இதுல கார்சியா அப்பா வழிப் பேர், மார்க்கேஸ் அம்மா வழிப் பேர். நம்ம இனிஷியல் மாதிரி இது அவங்க வழக்கம். இது தெரியாதவர் கடைசிப் பேரை மட்டும் குடும்பப் பேர்னு பதிவு பண்ணுவார். அடுத்தவர் முதல் பேரை வெச்சுப் பதிவு பண்ணுவார். ஒரே சப்ளையருக்கு ரெண்டு கணக்கு. ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை பணம் போக வழி திறந்தாச்சு.

ரெண்டு, புள்ளி. ஸ்பெயின்ல 1.500 யூரோன்னு எழுதினா அது ஒன்றரை யூரோ இல்லை, ஆயிரத்து ஐநூறு. அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா. மெக்சிகோவில் நம்மளை மாதிரியே எழுதுவாங்க. மொழி ஒண்ணு, எண் எழுதற பழக்கம் வேற.

மூணு, பில்லியன். ஆங்கிலத்தில் பில்லியன்னா 100 கோடி. ஸ்பானிஷ்ல "பிய்யோன்"னா ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

மெஷின் வரிகளைச் சரியா மாத்திக் கொடுக்கலாம். ஆனா இந்த பில் மெக்சிகோவுடையதா ஸ்பெயினுடையதா, இந்தத் தொகை இந்த சப்ளையருக்குப் பொருந்துதான்னு சந்தேகப்படறதுக்கு ஒரு ஆள் வேணும். மொழி தெரிஞ்சு, நாடு தெரிஞ்சு, கூடவே கணக்கோ சட்டமோ லாஜிஸ்டிக்ஸோ தெரிஞ்ச ஆள். அதனால அந்தத் தங்கச்சிக்கு என் ஒரே கண்டிஷன்: மூணு வருஷத்துல மொழியோட இன்னொரு கைத்தொழில். எக்செல், அக்கவுண்டிங் அடிப்படை, டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஆசிரியர் பயிற்சி, எது பிடிக்குதோ அது.

தமிழ் பேசற நமக்கு ஒரு லாபம்

ஸ்பானிஷ் நமக்கு அந்நியமா இருக்கும்னு பயப்பட வேண்டாம். "வந்தேன்"னு சொன்னாலே "நான்" உள்ளே இருக்கு இல்லையா? ஸ்பானிஷ்லயும் அப்படித்தான். "ஆப்லோ"ன்னா பேசறேன், "ஆப்லாஸ்"னா பேசற. வினையோட வாலைப் பார்த்தே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். நீ, நீங்க மாதிரி அங்கே "தூ", "உஸ்தேத்". அந்த மொழியோட ஞகரத்துக்கு ஆங்கிலம் மட்டும் தெரிஞ்சவங்க திணறுவாங்க. நமக்கு அது ஞாயிறுல வர்ற ஞ. அதே மாதிரி "பெரோ"ன்னா ஆனால், "பெர்றோ"ன்னா நாய். ரகர றகர வித்தியாசம் பார்த்து வளர்ந்த நமக்கு, அதுவும் ராஜபாளையத்துக்காரங்களுக்கு, இந்த நாயை மறக்கவே முடியாது! நம்ம மேசை போர்ச்சுகீசியர் வழியா வந்த சொல். ஸ்பானிஷ்லயும் அது "மேசா"தான்.

கஷ்டம் இல்லாம இல்லை. உயிரில்லாத பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. வினைச்சொல் பட்டியல் மனப்பாடம் பண்ணணும். ஆனா கிராமத்துப் பள்ளியில தமிழ் மீடியம் படிச்ச பிள்ளை இங்கிலீஷைப் பார்த்துப் பயந்த மாதிரி இதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வகுப்புல எல்லாரும் பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிப்பாங்க.

வேலையில இருக்கிற நீங்க படிக்கலாமா?

படிக்கலாம், ஆனா வேலையை விட்டுட்டு இல்லை. ஆங்கிலம் பேசறவங்க ஸ்பானிஷ்ல வேலை பார்க்கிற அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும்னு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கு வெச்சிருக்கு. தினம் ஒரு மணி நேரம், வாரம் ஆறு நாள்னா வருஷத்துக்குச் சுமார் 300 மணி நேரம். ஆக ரெண்டு, ரெண்டரை வருஷம். "90 நாளில் ஸ்பானிஷ்"னு விளம்பரம் வந்தா இந்தக் கணக்கை நினைச்சுக்கோங்க.

சான்றிதழுக்கு "டெலே" தேர்வு இருக்கு. ஸ்பெயின் அரசு சார்பா செர்வாண்டஸ் நிறுவனம் நடத்துறது. டெல்லியில் அவங்க மையம் இருக்கு. ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலை. டெலே சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. "சியேலே"ன்னு இன்னொரு தேர்வு, அது அஞ்சு வருஷம்தான் செல்லும். வேலைக்குன்னா பி2-வை இலக்கா வைங்க. ஏ1, ஏ2 ரெஸ்யூமேல அழகா இருக்கும், சம்பளத்தைக் கூட்டாது.

செலவுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஜிஎஸ்டி பதிவு உள்ள தனியார் பயிற்சி மையம்னா 18% வரி சேரும். 60,000 ரூபாய் கோர்ஸ் 70,800 ஆகிடும். வருமான வரியில் குழந்தைகளோட ட்யூஷன் ஃபீஸ்தான் கழிக்கலாம். உங்க சொந்த மொழி வகுப்புக்கு அது கிடையாது. அதனால இஎம்ஐ போட்டு மொத்த லெவலையும் ஒரே நாள்ல வாங்காதீங்க. ஒரு லெவல் முடிச்சு, பிடிச்சிருந்தா அடுத்தது. கட்டறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க; சில கம்பெனிகள் மொழிப் பயிற்சிக்குப் பணம் திருப்பித் தர்றாங்க.

கடன், வரி: அண்ணன் அக்காக்கள் கவனிக்க வேண்டியது

கல்விக்கடன் வட்டிக்கு வரிக்கழிவு உண்டுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உச்சவரம்பு இல்லை, எட்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும். ஆனா அது யாருக்கு? தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி நீங்க கார்டியனா இருக்கிற மாணவருக்கு. தம்பி, தங்கச்சி இந்தப் பட்டியல்ல இல்லை! தங்கச்சி படிப்புக்கு உங்க பேர்ல கடன் எடுத்தா வட்டி முழுக்க உங்களுது, வரிச்சலுகை பூஜ்யம். அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கழிவே. புதிய முறையில கிடையாது.

கடன் எடுத்தே ஆகணும்னா மாணவி பேர்ல கல்விக்கடனா எடுங்க, உங்க பேர்ல பர்சனல் லோனா வேண்டாம். 2024 நவம்பர்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தகுதியான உயர்கல்வி நிறுவனங்களில் இடம் கிடைச்சவங்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாம கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தா, 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3% வட்டி மானியமும் உண்டு. வேற மானியமோ உதவித்தொகையோ வாங்காம இருக்கணும். சேரப்போற நிறுவனம் பட்டியல்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. நீங்க மாசாமாசம் தங்கச்சிக்கு அனுப்பற பணத்துக்கு அவங்களுக்கு வரி வருமோன்னு பயப்பட வேண்டாம். உடன்பிறந்தவங்க கொடுக்கிறது வருமான வரிச் சட்டப்படி உறவினர் பரிசு, வரி கிடையாது.

நேரா ஸ்பெயின் போய் படிச்சா என்னன்னு சிலர் கேட்பீங்க. மாணவர் விசாவுக்கு மாசம் 600 யூரோ செலவுக்குக் கையில இருக்குன்னு காட்டணும். வருஷத்துக்கு 7,200 யூரோ. யூரோவை 100 ரூபாய்னு வெச்சாலே 7.2 லட்சம், ஃபீஸும் விமானமும் தனி. இங்கே சில நூறு ரூபாய்ல கிடைக்கிற பி.ஏ.வை அங்கே லட்சங்கள் கொட்டி வாங்க வேண்டாம். பி.ஏ.வை இங்கே முடிச்சு, மொழி நல்லா வந்த பிறகு எராஸ்மஸ் முண்டஸ் மாதிரி ஸ்காலர்ஷிப்ல முதுகலைக்கு முயற்சி பண்ணட்டும்.

அப்போ எப்போ "வேண்டாம்" சொல்லணும்?

மூணு நேரத்துல. வெப் சீரிஸ் பார்த்த ஆசையில மட்டும் கேட்டா, முதல்ல மூணு மாசம் இலவசப் பாடங்களை வெச்சுப் படிக்கச் சொல்லுங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா பேசலாம். வீட்டுக் கடன் அடைக்கவே இன்னும் ரெண்டு வருஷத்துல அந்தப் பொண்ணோட சம்பளம் வேணும்ங்கிற நிலைமைன்னா, முதல்ல குடும்பக் கணக்கைச் சரிபண்ணுங்க. மத்தியப் பல்கலைக்கழகத்துல இடம் கிடைக்காம, கடன்ல தனியார் சீட் வாங்கற நிலைமை வந்தா, உள்ளூர்ல பி.காம் சேர்ந்துக்கிட்டு ஸ்பானிஷை ஆன்லைன்ல பி2 வரை படிக்கட்டும். பி.காமும் பி2-வும் சேர்ந்த ரெஸ்யூமே, நான் மேல சொன்ன பேக் ஆஃபீஸ் வேலைகளுக்கு நல்லாவே எடுபடும்.

இந்த மூணும் இல்லைன்னா, தயவுசெஞ்சு "நம்ம வீட்ல யாரும் படிக்காததை நீ ஏன்?"னு மட்டும் கேட்காதீங்க. நீங்க ஐடிக்குப் போனப்பவும் வீட்ல யாரும் அதைப் படிச்சிருக்கலையே!

இந்த வாரக் கடைசியில தம்பியோ தங்கச்சியோ கூட உட்கார்ந்து ஒரு பேப்பர்ல நாலு வரி எழுதுங்க: மொத்தச் செலவு எவ்வளவு, அதுல கடன் எவ்வளவு, விண்ணப்பக் கடைசித் தேதி எப்போ, மொழியோட கூட என்ன தொழில். நாலுக்கும் பதில் இருந்தா ஃபீஸ் கட்டுங்க. எதுக்காவது பதில் இல்லைன்னா, அதை ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்க.

வரி, கடன் விதிகள் வருஷா வருஷம் மாறும். முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆண்டு நிலவரத்தை உங்க ஆடிட்டர்கிட்டயும் வங்கியிலயும் ஒருமுறை உறுதி பண்ணிக்கோங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!